கோழிவால் காஃப்

ஈராக்கின் நஜஃப் நகரில் ஒருவர் மவுத்தானால் அவரை இரண்டு இடத்தில் விசாரிப்பார்கள். மண்ணுக்குக் கீழே வானவர்களான மலக்குகள் விசாரிப்பார்கள். மண்ணுக்கு மேலே ஹாஜி தாகில் விசாரிப்பார். மலக்குகளிடம் பதில் சொல்லித் தப்பினாலும் தப்பலாம், தாகிலிடம் தப்ப முடியாது என்பது மையவாடிக்குப் போகிற கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

அவர் மண்ணுக்குள் கிடக்கும் மையத்தை ஒன்றும் கேட்பதில்லை. தலைமாட்டில் நிற்கும் மீசான் கல்லைத்தான் கேட்பார். கல்லில் யார் பெயர் என்று வாசிக்கும் முன்பே, வெட்டியது யார் கை என்று சொல்லிவிடுவார். சொன்னதோடு நின்றாலும் பரவாயில்லை.

“இது ஹமூதி வெட்டின கல்லு. அந்த ‘வாவ்’ எழுத்தைப் பாருங்க, மாசமா இருக்கிற தலைப்பிரட்டை மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்குது. இது கர்பலாக்காரன் கை. நூன் எழுதச் சொன்னா சோத்துச் சட்டி எழுதியிருக்கான். ஈ விழுந்துடப் போகுது, யாராவது மூடுங்கப்பா.”

பக்கத்தில் மையத்துக்காரர்கள் அழுதுகொண்டிருப்பார்கள். அவர்களிலும் ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த நூனைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தபின் அது சட்டியாகத்தான் தெரியும். அதுதான் தாகிலின் வாய்.

அரபி எழுத்து வகைகளுக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. ஸுலுஸ் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நடக்கிற ஆள். நஸ்க் பள்ளிக்கூட வாத்தியார், ஒழுங்கு உண்டு, ருசி கிடையாது. கூஃபி செங்கல் அடுக்கின சுவர், எஞ்சினியர் செத்தால் போடலாம். ருக்ஆ மளிகைக்கடைக்காரன் அவசரம். அதில் மீசான் கல் வெட்டினால் மஹ்ஷர் என்கிற தீர்ப்பு நாளில் அந்த மையத்து கையில் பருப்புப் பொட்டலத்தோடு எழுந்திருக்கும். சரிவில் வழுக்கி இறங்குகிற ஃபாரஸி எழுத்து கவிஞர்களுக்கும், கடைசிவரை பெண் கிடைக்காதவர்களுக்கும். கம்ப்யூட்டரில் வருகிற எழுத்தை அவர் எழுத்து என்றே ஒத்துக்கொண்டதில்லை. “ஷவர்மாக் கடை போர்டுல ஒட்டுறதைக் கொண்டாந்து மையத்து தலையில ஒட்டுறானுங்க” என்பார்.

இவ்வளவு பேசுகிறவர் எங்கே படித்தார் என்று கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொல்வார். தெற்கே சதுப்புநிலத்தில் கோரைப்பாய் முடைகிற வீட்டில் பிறந்தவர். இரண்டாம் வகுப்பில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடத்தைக் கொண்டுபோனது; அவர் அதைத் தேடிப் போகவில்லை. நஜஃபுக்கு வந்து கபர்களுக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை பார்த்தார். அலிஃபை ஒரு பேரீச்சம்பழ வியாபாரியின் கல்லில் கற்றார், லாமை ஒரு காழியின் கல்லில் கற்றார், ஹாவை மூன்று பெண்டாட்டிக்காரர் ஒருவரின் கல்லில் கற்றார். வாத்தியார்மார் எல்லாரும் படுத்துக்கொண்டே பாடம் நடத்தினார்கள். ஒருத்தரும் பிரம்பு எடுக்கவில்லை, ஒருத்தரும் ஃபெயிலாக்கவில்லை. அப்படிக் கற்ற கையால் உளி பிடித்து, கடை போட்டு, ஹஜ்ஜும் செய்து, மாடி வீடும் கட்டினார். இந்த உலகத்தில் சொந்தக் காலில் நின்றவனுக்குக் கொஞ்சம் வாய் நீளம் என்றால் அதற்கு அவன் வரி கட்டவேண்டியதில்லை.

இனி அந்தக் காஃப் விஷயம்.

எந்த மீசான் கல்லிலும் உச்சியில் வருகிற முதல் சொல் ‘குல்லு’. எல்லாரும் என்று அர்த்தம். எல்லாரும் போகவேண்டியவர்கள்தான் என்று அந்த வரி முடியும். ஆக, குல்லுவின் முதல் எழுத்தான காஃப்தான் கல்லுக்குத் தலைப்பாகை. அது கோணினால் முழுக் கல்லும் கோணும்.

இருபது வருஷத்துக்கு முன் ஷேக் மிஸ்பான் மவுத்தானபோது, அவர் மகன் முதஷ்ஷர் கல்லுக்குத் தாகிலிடம் வந்தார். பெரிய கோத்திரம். ஷேக்கின் பெயர், அவர் வாப்பா பெயர், அவருடைய வாப்பா பெயர் என்று ஆதம் நபிக்கு நாலு வீடு இந்தப் பக்கம் வரைக்கும் வெட்டச் சொன்னார்கள். கல் ஆள் உயரம். தாகில் ஸுலுஸில் எழுதி, பெயர்களையெல்லாம் வெட்டி முடித்து, கடைசியாகத் தலைப்பாகை கட்ட உச்சிக்கு ஏறினார். உளியைக் காஃபின் மேற்கையில் வைத்த நேரம் பக்கத்து மசாலாக் கடையில் மிளகு இடித்தார்கள். தாகில் தும்மினார். உளி சறுக்கி மேலே ஏறியது. இன்னொரு முறை தும்மினார். இன்னொரு முறையும்.

காகிதமாயிருந்தால் கசக்கி எறியலாம். வெள்ளைச் சலவைக்கல்லைக் கசக்க முடியுமா? சறுக்கின கீறலை வளைத்து, சில்லு போன இடங்களை இறகு போலத் திருத்தி ஒரு வழியாக ஒப்பேற்றினார். எட்டி நின்று பார்த்தால் காஃபின் முதுகில் கோழிவால் முளைத்திருந்தது.

முதஷ்ஷர் வந்து பார்த்தார். “ஹாஜி, மேல இது என்ன?”

தாகிலின் வாய் அவரைக் கேட்காமலே பேசியது. “அது ஷேக்மார் வாலு. பழைய காலத்து மரியாதை. கண்டவனுக்கும் போடமாட்டோம்.”

முதஷ்ஷருக்கு மார்பு விரிந்தது. அன்றுமுதல் அந்தக் கோத்திரத்தார் விருந்தாளி வந்தால் சோறு போட்டு, கூட்டிக்கொண்டுபோய் வாலைக் காட்டுவார்கள். உண்மை தெரிந்தவர் உலகத்தில் இரண்டே பேர்: தாகில், அவர் மனைவி உம்மு ஷாக்கிர்.

போன ஈத் அன்று காலையில் ஊரே மையவாடிக்குப் போனது. தாகிலும் மனைவியோடு மாமனார் கபருக்குப் போனார். ஊதுவத்தி கொளுத்தி, பன்னீர் தெளித்து, வழக்கம்போல அக்கம்பக்கத்துக் கல்லைத் திட்டத் தலையைத் தூக்கினார். தூக்கினது அப்படியே நின்றது.

எதிரே ஒரு புதுக் கல். பார்பர் ஒருத்தருடைய கல். அதன் உச்சியில் கோழிவால்.

நாலு கபர் தள்ளி ஒரு லாரி டிரைவர். அவருக்கும் கோழிவால். அடுத்த வரிசையில் பஞ்சர் ஒட்டுகிறவர், ஒரு மருத்துவச்சி, பல் டாக்டர் ஒருவர். எல்லாத் தலையிலும் கோழிவால், எல்லா வாலிலும் அதே மூன்று இறகு. தாகில் சாணால் அளந்து பார்த்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை. கையால் வெட்டியிருந்தால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. மெஷின்.

“ஏங்க, அன்னிக்கு வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்திக்கிட்டே சொன்னீங்களே, அந்த வாலா இது?” என்றாள் உம்மு ஷாக்கிர். “மாஷா அல்லாஹ், நல்லாக் குட்டி போட்டிருக்கு.”

தாகில் சிரிக்கவில்லை. ஊரில் ஒவ்வொருத்தனையும் அவனவன் கெட்ட எழுத்தைச் சொல்லித்தான் அவர் அடையாளம் காட்டியிருக்கிறார். ஹமூதி என்றால் தலைப்பிரட்டை, கர்பலாக்காரன் என்றால் சோற்றுச் சட்டி. இனி தாகில் என்றால்? ஆயிரக்கணக்கில் நல்ல காஃப் வெட்டின கை. அதை நாளைக்கு எவனோ ஒருத்தன் இதே மையவாடியில் நின்று, “இது அந்தக் கோழிவால்காரன் கை” என்று சொல்லப்போகிறான். இந்த வாலை ஒழிக்காமல் கண்ணை மூடினால் கபருக்குள்ளும் புரண்டுதான் படுக்கவேண்டும்.

பெருநாள் முடிந்ததும் நேரே ரஸ்ஸாக்கின் கடைக்குப் போனார். ரஸ்ஸாக் முன்பு ஷவர்மாக் கடைகளுக்கு போர்டு போட்டவன். இப்போது கல் வெட்டுகிற மெஷின் வைத்திருந்தான்.

“வாங்க ஹாஜி, வாங்க! உங்க கால் என் கடையில பட்டுச்சுன்னா இன்னிக்கு மழைதான்!”

“மழையை விடு. அந்தக் காஃபை எங்கேருந்துடா எடுத்தே?”

ரஸ்ஸாக் வெட்கத்தோடு சிரித்தான். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினான். எழுத்துக்கள் வரிசையாக நின்றன. மேலே அந்த ஃபாண்ட்டின் பெயர் இருந்தது: தாகில்.

“உங்க பேரையே வச்சிட்டேன் ஹாஜி. நாளைக்கு எவனும் திருடினேன்னு சொல்லக்கூடாது பாருங்க.”

தாகிலுக்குள் ஒரு ஆள் மீசையை முறுக்கினான், இன்னொரு ஆள் திரையை உடைக்கக் கல்லைத் தேடினான். “எந்தக் கல்லுலேருந்து?”

“ஷேக் மிஸ்பான் கல்லு. மத்த கல்லுல அஞ்சாறு எழுத்துதான் கிடைக்கும். அதுலதான் அவங்க பரம்பரையே படுத்திருக்கே, அலிஃப்லேருந்து யா வரைக்கும் ஒரே இடத்துல கிடைச்சுது. போன்ல படம் பிடிச்சு உள்ளே போட்டேன்.”

“இந்த மையவாடியில என் கல்லு எத்தனை நிக்குது! உனக்கு அது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சா? சரி, போகட்டும். மத்ததை வச்சுக்கோ. காஃபை மட்டும் மாத்திடு. நானே நல்லதா எழுதித் தர்றேன், சும்மாவே.”

“ஐயோ ஹாஜி, காஃபுக்குத்தானே கூட்டமே வருது! ‘ஷேக் வால் போடுங்க’ன்னு கேட்டு வர்றாங்க. வாலில்லாம வெட்டினா கல்லைத் திருப்பிடறாங்க. போன வாரம் ஒரு அம்மா வந்தாங்க. புருஷன் உசிரோட இருந்த வரைக்கும் ஒரு கிண்ணம் டீ மரியாதையா குடுத்திருக்கமாட்டாங்க, அவருக்கு ரெண்டு வாலு கேட்டாங்க.” ரஸ்ஸாக் குரலைத் தாழ்த்தினான். “ஆமா, அந்தக் காஃபுல என்ன குறை? சொல்லுங்க, மாத்திடறேன்.”

குறையைச் சொன்னால் தும்மலைச் சொல்லவேண்டும். தும்மலைச் சொன்னால், செத்த ஷேக்கின் தலைமாட்டில் தும்மிவிட்டு அதை மரியாதை என்று கோத்திரத்துக்கே விற்றது வெளியே வரும். கோத்திரத்தார் தண்டம் கேட்டு வந்து உட்கார்ந்தால், மாடி வீட்டில் மாடி போய்விடும், வீடும் போனாலும் போகும்.

அதனால் புத்திசாலித்தனமாக வேறொரு கதவைத் தட்டினார். புத்திசாலிகள் தட்டுகிற கதவுக்குப் பின்னால்தான் எப்போதும் நாய் கட்டியிருக்கும்.

“குறை காஃபுல இல்ல தம்பி, உன் கழுத்துல. அது ஷேக்மார் வாலு. நீ அதை பார்பருக்கும் பஞ்சர்காரனுக்கும் போட்டிருக்கே. மிஸ்பான் ஆளுங்க காதுல விழுந்துச்சுன்னா, உன் வாசல்ல வந்து தண்டம் கேட்டு உக்காருவாங்க. அவங்க எழுந்திருக்கும்போது உன் மெஷின் இருக்காது.”

ரஸ்ஸாக்கின் முகம் சுண்ணாம்பாகியது. தாகில் மீசையைத் தடவிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பயந்தவன் வாலை எடுத்துவிடுவான், வேலை முடிந்தது.

பயந்தவன் வாலை எடுக்கவில்லை. ஒரு கூடை தஹீன் மிட்டாயை எடுத்துக்கொண்டு நேரே முதஷ்ஷரின் வீட்டுக்கு ஓடினான். தெரியாமல் செய்துவிட்டேன், ஹாஜி தாகில் சொல்லித்தான் தெரிந்தது, மன்னியுங்கள் என்று காலில் விழாத குறையாகச் சொன்னான். அதுவரை முதஷ்ஷருக்கு பார்பர் விஷயமே தெரியாது.

இரண்டொரு நாளில் தாகிலின் வாசலில் வண்டிகள் வந்து நின்றன. முதஷ்ஷர் இறங்கினார், அவருடைய சித்தப்பா ஸகைர் கைத்தடியோடு இறங்கினார், பின்னால் கோத்திரத்து ஆட்கள், கடைசியில் ரஸ்ஸாக், பலிக்குக் கொண்டுவந்த ஆட்டைப்போல. தாகில் எல்லாரையும் விருந்தாளி அறையில் உட்காரவைத்துக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். முதஷ்ஷர் கிண்ணத்தை வாங்கினார், குடிக்காமல் தரையில் வைத்தார். ஒவ்வொருவராக எல்லாக் கிண்ணமும் தரையில் உட்கார்ந்தது. காப்பியைக் குடிக்காமல் வைத்தால் வந்த காரியம் முடியாமல் போகமாட்டோம் என்று பொருள்.

“ஹாஜி, எங்க வாப்பாவோட வாலு பார்பர் தலையில ஏறியிருக்கு” என்றார் முதஷ்ஷர். “இந்த ரஸ்ஸாக்கிட்ட தண்டம் கேட்டோம். இவன் மாமன் குறுக்கே வந்து பேசறான். வாலு ஷேக்மாருக்கு மட்டும்னு எந்தச் சட்டத்துல இருக்குன்னு கேக்கறான். சட்டத்துல எதுக்கு இருக்கணும்? நீங்க சொன்னீங்க, போதாதா?”

“போதும்... அதாவது...”

“அவனுக்குப் போதாதாம். நீங்க ஒண்ணும் பண்ணவேணாம். கர்பலா வரைக்கும் வந்து அப்பாஸ் தர்கா வாசல்ல நின்னு, வாலு ஷேக்மாருக்குத்தான்னு ஒரே ஒரு சத்தியம். வண்டி தயாரா நிக்குது.”

தாகில் ஆயுசில் சொல்லாத பொய் இல்லை. கல் விலையில் பொய், பிறந்த வருஷத்தில் பொய், மாமனாரிடம் பெண் கேட்டபோது சம்பாத்தியத்தில் பொய். ஆனால் அப்பாஸ் வாசலில் பொய்ச் சத்தியமா? அங்கே பொய் சொன்னவன் வீடு வந்து சேரமாட்டான் என்பது தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். போனால் உயிர் போகும், போகாவிட்டால் மானம் போகும். அவர் எழுந்தார். செருப்பைத் தேடினார். வலது செருப்பில் இடது காலை விட்டார்.

“போகாதீங்க!”

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. உம்மு ஷாக்கிர்.

“ஷேக், பொம்பளை குறுக்கே பேசறதுக்கு மன்னிக்கணும். ஒரு வாலுக்காக நான் விதவையாகத் தயாரில்ல. அது பழைய காலமுமில்ல, மரியாதையுமில்ல. அன்னிக்கு பக்கத்துக் கடையில மிளகு இடிச்சாங்க, இந்த மனுஷன் தும்மினாரு, உளி சறுக்கிடுச்சு. அவ்வளவுதான் விஷயம்.”

ரஸ்ஸாக்தான் முதலில் நிமிர்ந்தான். வெளுத்திருந்த முகத்தில் மெதுவாக ரத்தம் ஊறியது.

“தும்மலா?” என்றார் முதஷ்ஷர்.

கிழவர் ஸகைர் கைத்தடியில் தாடையை ஊன்றிக்கொண்டு திரையைப் பார்த்துக் கேட்டார். “எத்தனை தும்மல்மா?”

“மூணு. அதான் வாலுல மூணு இறகு.”

கிழவரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார். “என் அண்ணன் தலைமாட்டுல இருபது வருஷமா ஒருத்தன் தும்மிக்கிட்டு இருக்கான். நாம ஆட்டை அறுத்துப் போட்டு, ஆளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிக்கிட்டிருக்கோம்!”

“சிரிக்கிற விஷயமா சித்தப்பா? நாளைக்கே அந்தக் கல்லைப் பிடுங்கி வேற கல்லு வைக்கணும்.”

“வை. வச்சுப் பாரு. பக்கத்துக் கோத்திரத்தான் என்ன சொல்வான்? மிஸ்பான் வீட்டு வாலை அறுத்துட்டாங்கன்னு சொல்வான். அறுபட்ட வாலோட நீ எந்தச் சபையில போய் உக்காருவே?”

கிழவர் தடியால் தரையைத் தட்டித் தீர்ப்பைச் சொன்னார். “இந்த அறையில கேட்டது இந்த அறையோட. தும்மல்னு ஒருத்தன் வாயிலேருந்து வந்தாலும் அவனுக்குத் தண்டம். ரஸ்ஸாக், உன் மெஷின் வாலை நீ யாருக்கு வேணாப் போடு, பார்பருக்குப் போடு, பார்பர் கழுதைக்குப் போடு. ஆனா நம்ம ஆளுங்க கல்லு எல்லாத்துக்கும் இனிமே கையால வெட்டின வாலுதான், ஹாஜி கையால, காசில்லாம. அதுதான் ஹாஜிக்குத் தண்டம். மெஷின் வாலு ஊருக்கு, கைவாலு நமக்கு. சரியா?”

ஆறிப்போன காப்பியை எல்லாரும் எடுத்துக் குடித்தார்கள். தாகில் தூக்குமேடையிலிருந்து இறங்கி வந்தவர்போல ஒவ்வொருவர் கையையும் பிடித்து முத்தமிட்டார். ரஸ்ஸாக்கின் கையையும் பிடித்துவிட்டு, யார் கை என்று பார்த்ததும் விட்டார்.

கொஞ்ச நாளில் முதஷ்ஷரின் அத்தை மவுத்தானார். கல் வந்து இறங்கியது. தாகில் தூரிகையை மையில் தோய்த்து, வால் வைத்த காஃப் எழுத உட்கார்ந்தார். காஃப் வந்தது. நிமிர்ந்து, ஜாதிக் குதிரை மாதிரி கம்பீரமாக வந்தது. வால் வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். கை தானாகத் திருத்திக்கொண்டது. கண்ணை மூடி எழுதினார், இன்னும் அழகாக வந்தது. இடது கையால் எழுதினார், அது கோழியாகவும் வரவில்லை, காஃபாகவும் வரவில்லை, ஓடு மேல் உட்கார்ந்த புறாவாக வந்தது. இத்தனை வருஷம் கட்டுப்படுத்தி வளர்த்த கை, கெட்டது செய் என்றால் செய்ய மறுத்தது.

கடைசியில் முக்காடு போட்டுக்கொள்ளாத குறையாக ரஸ்ஸாக்கின் கடைக்குப் போனார்.

“ஒரு காஃப் வேணும். காகிதத்துல எடுத்துக் குடு.”

ரஸ்ஸாக் சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டான். “எந்த சைஸ்ல ஹாஜி?”

“பெரிய சைஸ்ல. பொம்பளை மையத்து, ஆனா பெரிய வீட்டு மையத்து.”

காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தன் கெட்ட எழுத்தின் ஓரம் தவறாமல் உளியை நடத்தினார். வெட்டும்போதே அங்கங்கே விளிம்பு தானாக மழுங்கி அடங்கியது. முரட்டு இறகு மூன்றும் வாரிவிட்ட கூந்தல் மாதிரி படிந்தன. கல்லைப் பார்க்க ஸகைர் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். விரலால் வாலைத் தடவினார், நெடுநேரம் தடவினார்.

“ஹாஜி, அண்ணன் கல்லுல இருக்கிறதைவிட இது அழகா இருக்கே.”

“அல்லாஹ் குடுத்த கை, ஷேக்” என்று தாகில் மார்பில் கை வைத்தார்.

“அதான் சொல்றேன். கெடுத்துட்டீங்க. வேற கல்லு எடுத்து மறுபடி வெட்டுங்க.”

அன்று தாகில் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தெருவில் ஒருத்தரிடமும் சொல்லமுடியாத பெருமை உள்ளே முட்டிக்கொண்டிருந்தது.

“கேட்டியா உம்மு ஷாக்கிர், என் கைக்குத் தப்பா வெட்டவே வரலையாம். அந்தக் கிழவரே சொல்லிட்டாரு. இந்த ஈராக்ல எவன் கையைப் பத்தி இப்படிச் சொல்லமுடியும்?”

“எவன் கையைப் பத்தியும் சொல்லமுடியாதுதான்” என்றாள் அவள். “சாப்பிட்டுட்டுப் போய் கல்லை வெட்டுங்க. அடுத்த மையத்து வர்றதுக்குள்ளயாவது ஒண்ணு ஒழுங்கா தப்பா வரட்டும்.”